யோசிக்கும் வேலையைக் கணினிக்குத் தரலாமா?

1997-இல் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ என்ற கணினி வென்ற பிறகு, மனிதனா கணினியா என்ற கேள்வி மெல்ல முடிந்துபோனது. இன்று கைப்பேசியில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இன்ஜின் எந்தக் கிராண்ட்மாஸ்டரையும் வீழ்த்தும். அதனால்தான், ஒரு நகர்வுக்குச் சில நாள் அவகாசம் தரும் இணைய அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் கணினியின் உதவி கூடாது என்கிறேன். சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை அனுமதிக்கிறது. விளைவைப் பாருங்கள்: அதன் உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில்தான் முடிகின்றன. இருபுறமும் ஏறத்தாழ ஒரே விடை கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

லீசெஸ், செஸ்.காம் தளங்கள் இவ்வகை ஆட்டங்களில் இன்ஜினைத் தடைசெய்து, தொடக்க நகர்வுகளுக்குப் புத்தகம் பார்க்க அனுமதிப்பது நியாயமான ஏற்பாடு. வீட்டில் தனியே அமர்ந்து ஏமாற்றுபவரை யார் தடுப்பது என்று கேட்பார்கள். முழுதாகத் தடுக்க முடியாதுதான். அதற்காக விதியையே கைவிடுவது சரியல்ல. ஆளுக்கொரு யானையும் மூன்று சிப்பாய்களும் மிஞ்சிய கட்டத்தில், ராஜாவை முன்னே நடத்துவதா, சிப்பாயைக் காப்பதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் தெளிவு, திரையில் விடையைப் பார்ப்பவருக்கு வாய்க்காது. கணினியோடு மோத விரும்பினால் தனியாக மோதலாம். தவறுகளை அலசவும் அது அருமையான துணை. ஆனால், ஆட்டம் முடியும்வரை அதை மூடி வையுங்கள்.