கீரைப் பாத்திக்கும் பசி உண்டு

ரப்பர் மரத்துக்கு என்ன உணவு வேண்டும் என்று ஆராய 1925-இலேயே ஒரு கழகம் அமைத்தார்கள். கன்று நட்ட நிரைகளுக்கிடையே தழைச்சத்து சேரட்டும் என்று பியூரேரியா, கலப்பகோனியம் கொடிகளைப் படரவிட்டார்கள். பாறைப் பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாகத் தூவச் சொன்னார்கள். தூவியவர்கள் நாம். லயத்துக்குப் பின்னால் நம் பெண்கள் கொத்திய கத்திரிப் பாத்திக்கு யார் என்ன போட்டார்கள்?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. சுமார் 2,700 சதுர அடி. நிலத்தை அளந்து கொடுத்தால் மட்டும் காய் காய்த்துவிடாது. மண்ணையும் பார்க்க வேண்டும்.

நம் மேட்டு நிலத்து மண் புளித்த மண். ஓயாத மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. ரப்பர் அதைத் தாங்கும். வெண்டையும் கத்திரியும் தாங்கா. புளிப்பு மிகுந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். மணிச்சத்தையும் செடிக்கு எட்டாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். கடனுக்கு வாங்கிய உரத்தைக் கொட்டியும் செடி குட்டையாகவே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் உரம். பத்தடிக்கு நாலடிப் பாத்தியானால் அரைக் கிலோ டோலமைட் தூளைக் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டு நடலாம். விறகடுப்புச் சாம்பலும் ஓரளவு உதவும். சுண்ணாம்போடு பச்சைச் சாணத்தையோ யூரியாவையோ சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து காற்றில் போய்விடும்.

எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ஜார்ஜ் டவுனிலிருந்து இயற்கை உரமுறைகளைப் பரப்பி வருகிறது. நல்ல தொண்டு. ஆனால் பஞ்சகவ்யத்துக்குப் பாலும் நெய்யும் வேண்டும். பிள்ளைக்கே பால் போதாத வீட்டில் செடிக்கு ஊற்ற மனம் வருமா? சாணம், கோமியம், வெல்லம், தண்ணீர் சேர்ந்த அமுதக் கரைசல் நமக்குக் கட்டுப்படியாகும். மக்கிய குப்பை இன்னும் மலிவு.

அடுத்தது தண்ணீர். கிணற்றில் தெளிவாக இறைத்த நீர் சற்று நேரத்தில் செம்மை படர்ந்தால் அதில் இரும்பு இருக்கிறது. உயரத்திலிருந்து தொட்டியில் சலசலவென ஊற்றி, ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரை மொண்டு ஊற்றுங்கள். கொசு புகாமல் வலை கட்டுங்கள். ரப்பர் ஆலைக் கழிவோடையில் தழைச்சத்து உண்டென்று சிலர் அதையே பாய்ச்சுகிறார்கள். சத்து உண்டுதான், பாலை உறையவைத்த அமிலமும் உண்டே! புளித்த மண்ணுக்கு மேலும் புளிப்பா? அக்கழிவைச் சுத்திகரித்து விடவேண்டும் என்று 1978-லேயே விதி வந்துவிட்டது. அது நிர்வாகத்தின் பொறுப்பு.

களைக்கொல்லி வந்த டிரம்மில் தண்ணீர் பிடிப்பதை என்னால் பொறுக்கவே முடியாது. பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் தடை முழுமையாயிற்று. அதுவரை அதைச் சுமந்து தெளித்தவர்கள் நம் பெண்கள். பழைய டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் கீரைக்கு ஆகாது.

ஆகவே கிளைச் செயலாளர்களே, அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதையும் சேருங்கள்: லயத்துப் பாத்தி மண்ணைப் பரிசோதிக்க நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும், மரத்துக்கு வாங்கும் உரத்தோடு தொழிலாளர் பாத்திக்கும் சுண்ணாம்பு வாங்கவேண்டும். கிராணிமார் மனு எழுதிக் கொடுக்கட்டும். ஒரு மூட்டை டோலமைட்டின் விலை எந்தத் தோட்டத்துக் கணக்கையும் கவிழ்த்துவிடாது.