தோண்டவில்லை, குத்தினோம்

எங்கள் தெருவுக்கு இணையக் கேபிள் போட வந்தவர்களுக்கு நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தோம். அவ்வளவு சந்தோஷம். வடசென்னையில் ஒரு சந்து எங்களுடையது. ஆட்டோ வந்தால் எதிரில் வரும் சைக்கிள் ஓரமாக நிற்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம் வடிகால் வேலைக்குத் தோண்டிப்போட்டு நான்கு மாதம் அப்படியே கிடந்தது. பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எதிர்வீட்டுப் பாட்டி அதில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இந்த முறை வந்தவர்களோ தெருவின் இந்த முனையில் ஒரு குழி, அந்த முனையில் ஒரு குழி, அவ்வளவுதான் தோண்டினார்கள். நடுவில் ஒரு பிடி தார்கூடப் பெயரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்து விடிவதற்குள் முடித்துவிட்டார்கள்.

"வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று சொன்னது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள் தரைத்தள வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வந்தது. மேலும் சில நாளில் அடிபம்புத் தண்ணீரில் நாற்றம். அடுத்த வாரம் ஏழு வீட்டுக் குழந்தைகளுக்கு வாந்தி பேதி. பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு வயசுப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து ஒருவழியாகத் தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஐந்தடி ஆழத்தில், பழைய சுட்டமண் சாக்கடைக் குழாயின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிப் போயிருந்தது கேபிள் போகிற பிளாஸ்டிக் குழாய். மணிக்குள் ஊசி போன மாதிரி. சுற்றிலும் ஊறிய மண்ணுக்குள் வீடுகளுக்குப் போகிற குடிநீர்க் குழாய்கள் கிடந்தன.

கேபிள் நிறுவனத்திடம் போனால் "காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்றார்கள். காண்ட்ராக்டர் "சப்-காண்ட்ராக்டர் போட்டது சார்" என்றார். சப்-காண்ட்ராக்டரின் போன் அணைந்திருந்தது. தெருவைத் தோண்டிப் பழுதுபார்த்தார்கள், அதே நான்கு மாதம். தோண்டாத வேலைக்காகத் தோண்டிய பள்ளம் அது.

*

என் தெருவில் நடந்ததை ஒரு விபத்தாக நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. 'சாலையை உடைக்காமல் கேபிள் போடுகிறோம்' என்று நாம் கொண்டாடும் இந்த முறை, நம் ஊரில் நடக்கும் விதத்தில், கீழே இருப்பதைப் பார்க்காமல் வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எச்.டி.டி. என்பார்கள். தரைக்கு அடியில் கிடைமட்டமாக, திசையைத் திருப்பிக்கொண்டே துளைபோடும் முறை. இரும்பு ராடுகளை ஒன்றோடு ஒன்று திருகிச் சாய்வாக மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே போவார்கள். முன்தலை ஒரு பக்கம் சீவிய மாதிரி சரிவாக இருக்கும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுழற்றாமல் தள்ளினால் சரிவு இருக்கும் பக்கத்துக்கேற்ப வளைந்து போகும். துளை சரியாமலிருக்கவும் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுவரவும் பென்டோனைட் களிமண் கரைசலைப் பீய்ச்சுவார்கள். மறுமுனையில் தலை வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, துளையை அகலப்படுத்தும் ரீமரையும் அதன் பின்னால் பிளாஸ்டிக் குழாயையும் மாட்டி, வந்த வழியே இழுத்துவிடுவார்கள். அபாரமான வேலைதான், மறுக்கவில்லை.

இரவில் தெருவில் ஒருவர் குச்சி மாதிரி ஒரு கருவியை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்தலைக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. அது எங்கே, எத்தனை ஆழத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை அவர் கையிலிருக்கும் லொக்கேட்டர் காட்டும். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'கீழே இருப்பதெல்லாம் இவர்களுக்குத் தெரிகிறது' என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்தக் கருவிக்குத் தன் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். மூக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. டன் கணக்கில் தள்ளும் மெஷினுக்கு ஒரு சுட்டமண் குழாய் என்பது சற்றே கெட்டியான மண், அவ்வளவே. உடைத்துக்கொண்டு போனது ஓட்டுகிறவருக்கே தெரியாமல் போகலாம்.

இந்த முறை எதற்காகப் பிறந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். 1971இல் கலிஃபோர்னியாவில் பஹாரோ ஆற்றின் அடியில் எரிவாயுக் குழாய் கொண்டுபோக மார்ட்டின் செரிங்டன் என்பவர் செய்ததைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அடியில் மணலும் களியும் பாறையும் இருக்கும். யாருடைய கழிப்பறைக் குழாயும் இருக்காது. ஆற்றுக்குப் பிறந்ததை நாம் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அதுவும் எந்தத் தெருவுக்கு?

கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் வந்தது. பழைய மெட்ராஸின் சாக்கடைக் கட்டமைப்பும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் தொடங்கியதுதான். சென்னைக் குடிநீர் வாரியம் உருவானது 1978இல். அதாவது அந்த வாரியமே தன்னைவிட அறுபது வயது மூத்த குழாய்களைத்தான் கையில் வாங்கியது. அதற்கு மேல் மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கேபிள், மழைநீர் வடிகால், ஒன்றன்பின் ஒன்றாக வந்த இணைய நிறுவனங்களின் கேபிள்கள், இப்போது எரிவாயுக் குழாய். இத்தனைக்கும் சேர்த்து எந்தத் தெருவுக்கும் ஒரே வரைபடம் கிடையாது. ஒவ்வொரு துறையும் தன் தாளைத் தன் அலமாரியில் வைத்திருக்கிறது. வால்வு எங்கே என்று கேட்டால் வால்வு திறக்கிறவரைத்தான் கூப்பிடுவார்கள். "இந்த வேப்பமரத்திலிருந்து மூணு எட்டு சார்" என்பார். மரம் விழுந்தாலோ அவர் ரிட்டையர் ஆனாலோ வரைபடம் போய்விட்டது.

கருவி வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இரும்புக் குழாயையும் மின் கேபிளையும் மின்காந்தக் கருவி கண்டுபிடிக்கும். சுட்டமண் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் அது காட்டாது. தரைக்குள் ஊடுருவும் ரேடார் காட்டலாம். ஆனால் ஈரக் களிமண்ணில் ரேடார் அலை கொஞ்சதூரத்திலேயே செத்துவிடும். சென்னையில் எத்தனை இடத்தில் கீழே களிமண் என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். மிஞ்சுவது ஒரே வழிதான். துளை போகிற பாதையில் எங்கெல்லாம் பழைய குழாய் குறுக்கிடலாமோ அங்கெல்லாம் கையால் ஒரு சோதனைக் குழி தோண்டி, கண்ணால் பார்த்து, ஆழத்தை அளந்துகொள்வது. தோண்டாமல் போட வேண்டுமானால் முதலில் கொஞ்சம் தோண்ட வேண்டும். இது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு சோதனைக் குழிகூடப் போடவில்லை.

ஏன் போடவில்லை? கூலி மீட்டர் கணக்கில். அனுமதி ஓர் இரவுக்கு. சோதனைக் குழி தோண்டினால் நேரம் போகும், ஆள்கூலி போகும், மேலே தார் உடையும், தெருக்காரன் சண்டைக்கு வருவான். குத்திவிட்டுப் போனால் உடைந்தது பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், அப்போது யார் குத்தியது என்று நிரூபிப்பது நம் பாடு. மெஷினுக்குப் பின்னால் நின்ற ஒடிசாப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் ஒரு தாள்கூட யாரும் கொடுக்கவில்லை.

*

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும், பாதி தெரியும். 2023 மார்ச்சில் 'தோண்டுமுன் கூப்பிடு' என்ற பொருளில் ஒரு செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கண்ணாடி இழைக் கேபிள் அறுந்துபோகிறது, சுமார் 3000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது மத்திய அரசு சொன்னது. கணக்கைக் கவனியுங்கள். கேபிள் அறுபட்டது அதில் வருகிறது. கேபிள் போடும்போது உடைந்த சாக்கடை அதில் வராது. அந்தச் செயலிக்குப் பின்னால் இருக்கும் விதிகளும் தொலைத்தொடர்புக் கட்டமைப்பை மற்றவர்களின் கடப்பாரையிலிருந்து காப்பாற்ற வந்தவை. கேபிளின் கடப்பாரையிலிருந்து நம் குடிநீரை யார் காப்பாற்றுவது?

குடிநீர் என்றா சொல்கிறேன்? அதைவிட மோசமானதும் இருக்கிறது. சாக்கடைக் குழாயைக் குத்திக்கொண்டு எரிவாயுக் குழாய் போனால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. ஒருநாள் சாக்கடை அடைக்கும். அடைப்பை எடுக்கக் கம்பி விடுவார்கள். கம்பி அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கிழிக்கும். எரிவாயு சாக்கடை வழியாக நேராக வீட்டுக்குள் போகும். கற்பனை இல்லை. 1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊரில் ஒரு வீடு வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். விசாரணையில், சாக்கடைக் குழாயைத் துளைத்துக்கொண்டு எரிவாயுக் குழாய் போயிருந்தது தெரிந்தது. 2013 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியில் இணையக் கேபிளுக்காக இதே முறையில் துளை போட்டபோது எரிவாயுக் குழாய் உடைந்து ஓர் உணவகமே வெடித்தது. அங்கே வேலை செய்த ஒருவர் இறந்தார். வரைபடம், கட்டாய முன்னறிவிப்பு, வழக்கு, காப்பீடு எல்லாம் இருக்கும் நாட்டில் இது. சென்னைத் தெருக்களில் எரிவாயுக் குழாய் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது.

*

எங்கள் தெருவில் அடைப்பு எடுக்க முதலில் ஜெட்ராடிங் வண்டி வந்தது. தண்ணீரின் வேகம் எதிலோ மோதி நின்றது. வந்தவர்களில் மூத்தவர் கம்பியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேர் இல்ல சார். வேர்னா இழுத்தா பிஞ்சிக்கினு வரும். இது இழுத்தா வந்துட்டு, உட்டா திரும்ப அங்கயே போய் நிக்குது." மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். பிறகு பனியனைக் கழற்ற ஆரம்பித்தார். நாங்கள் சிலர் சத்தம் போட்டோம், "இறங்காதீங்கண்ணே." அவர் எங்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கழிப்பறை பொங்குகிறது என்று மூன்று நாளாகப் போன் போட்டுக் கத்தியதும் நாங்கள்தானே.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை. எந்தச் சாதியிலிருந்து ஆள் இறங்குகிறார் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? தெருவின் மேலே தார் பெயராமல் இருப்பதற்கான விலையைத் தெருவுக்குக் கீழே ஒருவர் கொடுக்கிறார். அவர் செத்தால் வழக்கு அவரை இறக்கியவர் மேல் பாயும். அடைப்பை உண்டாக்கிய கேபிளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

நவீனத் தொழில்நுட்பம் என்று நாம் சொல்வதன் ஒரு முனையில் டிரான்ஸ்மிட்டர் வைத்த இரும்புத் தலை. மறுமுனையில் பனியனைக் கழற்றும் ஒரு மனிதர். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

*

"அப்போ பழையபடி தோண்டலாங்கறீங்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 அக்டோபரில் இதே சென்னையில் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தார். திறந்த பள்ளம் கொல்லும் என்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எதிர்வீட்டுப் பாட்டி இன்னும் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். ஆனால் திறந்த பள்ளத்தில் ஒரு நேர்மை இருந்தது. கடப்பாரை குழாயில் பட்டால் தண்ணீர் பீய்ச்சும், தெருவே பார்க்கும், யார் உடைத்தது என்று தெரியும். புதிய முறை உடைப்பதைத் தரைக்கடியில் வைத்துக்கொண்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

எனவே மெஷினை விரட்டச் சொல்லவில்லை. நான்கு விஷயம் கேட்கிறேன். குறுக்கே குழாய் இருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் சோதனைக் குழி போட்டு, பார்த்த பிறகே துளை. துளை போடுவதற்கு முன்னும் பின்னும் சாக்கடைக்குள் கேமரா விட்டுப் பதிவு. கேபிள் எந்த ஆழத்தில் எந்தப் பாதையில் போயிருக்கிறது என்ற வரைபடத்தை ஒப்படைத்த பிறகே பணம், அந்த வரைபடமும் எல்லோரும் பார்க்கிற இடத்தில். வருஷம் கழித்துக் கண்டுபிடித்தாலும் குத்தியவரே பொறுப்பு, சப்-காண்ட்ராக்டர் கதை செல்லாது. இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. கொஞ்சம் பணமும் இரண்டு இரவு அதிகமும் போதும்.

அந்த இரண்டு இரவைக் கொடுக்க நாமும் தயாராக இருக்க வேண்டும். நம் தெருவில் நாலு இடத்தில் தார் உடைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை உங்கள் போனுக்கு வந்ததே எங்கோ யாரோ தெருவுக்கடியில் குத்தி எடுத்துப்போன கேபிள் வழியாகத்தான், அதனால் 'எனக்கென்ன' என்று யாரும் நழுவ முடியாது.

போன மாதம் வேறொரு நிறுவனத்தின் மெஷின் எங்கள் தெருவுக்கு வந்தது. இந்த முறை டீ கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்று கேட்டார்: "தம்பி, சோதனைக் குழி எங்க போடுவீங்க?" சூப்பர்வைசர் சிரித்தார். "உங்க ரோட்டை உடைக்கச் சொல்றீங்களாக்கா?"

"ஆமா. உடைச்சுப் பாத்துட்டுப் போடு."

அரை மணி நேரம் போனில் யாரிடமோ பேசினார். பிறகு மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் இரவு இரண்டு தெரு தள்ளி அதே மெஷின் நின்றிருந்தது. இந்த முனையில் ஒரு குழி, அந்த முனையில் ஒரு குழி. அங்கே யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஒரு பெரியவர் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.