வருவோர் சுவடு

கடைக்கு வருவோரின் முகக்குறிப்பு அறிந்து சரக்கு வைத்தல் வணிகரின் தொன்று தொட்ட வழக்கம். இணையதளத்திலோ முகம் தோன்றாது, சுவடே தோன்றும்.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறையார் ஒருவர் தமக்கெனத் தளம் அமைத்தாரெனின், வந்தோர் ஏறத்தாழ எப்பகுதியினர், எவ்விளக்கை நோக்கினர், எப்பக்கத்தில் நீங்கினர் என்பவற்றைக் கணக்கு உரைக்கும். பலர் விலைப் பக்கத்தோடு நீங்கின், விலை மிகுதி என்றே துணிதல் தவறு. விளக்கின் எடையும் அனுப்பும் செலவும் அங்கே குறிக்கப்படாமையும் காரணமாகலாம். எண் ஐயத்தை எழுப்பும். விடையை வாங்குவோரிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஆயின், வருவோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர்தம் இசைவின்றித் திரட்டுதல் அறமன்று. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவை வலியுறுத்துகின்றது. சுவடு கண்டு தன் கடையைத் திருத்துவோன் வணிகன். சுவடு பற்றிப் பிறர் மனை புகுவோன் கள்வனுக்கு ஒப்பாவான்.