அணில் விரட்ட யானைவெடியா?

வேகம், மேலும் வேகம், அதற்கும் மேலான வேகம்! ஐக்கிய அமெரிக்காவின் துவக்கு வணிகர்கள் அந்நாட்டுக் கமக்காரனின் காதில் தொண்ணூறு ஆண்டுகளாக ஓதிவரும் மந்திரம் இதுவே. 1935 ஆம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பனியார் .220 சுவிப்ற் என்னும் தோட்டாவைச் சந்தையில் இறக்கி, அதன் 48 கிறெயின் சன்னம் செக்கனுக்கு 4110 அடி பாயும் என்று முரசறைந்தனர். அன்று பிடித்த மயக்கம் இன்றும் தெளிந்தபாடில்லை.

பிறநாட்டான் துவக்கைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்பாரும் உளர். பயிரைத் தின்னும் பிராணியோடு மல்லுக்கட்டும் கமக்காரன் எந்நாட்டவனாயினும் நமக்கு உறவினனே. 2025 மார்ச் 15 ஆம் திகதி, குரங்கையும் மயிலையும் மர அணிலையும் ஐந்தே நிமிடத்தில் எண்ணிவிட நம் அரசாங்கம் நாடெங்கும் முனைந்ததை மறவாதோர்க்கு இத்தொல்லை புதிதன்று. அன்றியும், தேவைக்கு மிஞ்சியதைக் கமக்காரன் தலையில் கட்டும் வித்தை துவக்குக் கடைக்கு மட்டும் உரியதா? மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் அதனை நாம் காணவில்லையா? ஒன்று மட்டும் சொல்லிவைப்போம். உத்தரவுப்பத்திரமின்றி வெடிமருந்து வைத்திருப்பதை இலங்கைச் சட்டம் அனுமதியாது; இங்கே எவரும் இதனைச் செய்து பார்க்கவேண்டுமென்று நாம் எழுதவில்லை. நிற்க.

அமெரிக்கக் கமக்காரனின் பகை யார்? வுட்சக் என்னும் நிலத்தணில். பெரும்பாலும் பத்து இறாத்தலுக்கு உட்பட்ட பிராணி. அவரையையும் தீவனப் புல்லையும் தின்பதோடு நில்லாது, வயலில் ஆழ்ந்த வளை தோண்டி மாட்டின் காலுக்கும் உழவு யந்திரத்தின் சில்லுக்கும் பொறி வைத்துவிடுகின்றது. இதனை நூறு நூற்றைம்பது யாரில் வீழ்த்த என்ன வேண்டும்? இக்கேள்விக்கு விடை சுவிப்ற் பிறப்பதற்கு முன்னரே கிடைத்துவிட்டது. 1885 ஆம் ஆண்டின் சிறியதொரு கருமருந்துத் தோட்டாவை எடுத்து, 1920களில் ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையைச் சார்ந்த சில ஆர்வலர்கள் புதுமருந்திட்டுத் திருத்தினர். 1930 இல் .22 ஹோர்னற் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 45 கிறெயின் சன்னம், செக்கனுக்கு ஏறத்தாழ 2700 அடி வேகம். வயற்காவலுக்கு இது போதும், போதும்.

கணக்குப் பார்ப்போம், கணக்குத்தான் வணிகனுக்குப் பிடிக்காதது. ஓர் இறாத்தலில் 7000 கிறெயின். ஹோர்னற் தோட்டா ஒன்று 12 கிறெயின் அளவில் மருந்து உண்கிறது. சுவிப்ற் ஏறக்குறைய 40 கிறெயின் விழுங்குகிறது. ஆகவே ஓர் இறாத்தல் மருந்து முன்னதற்கு 580 வெடிக்கும், பின்னதற்கு 175 வெடிக்கும் போதுமானது. குழலின் துளையோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவினது. மூன்று மடங்கு மருந்தின் தீயும் ஆவியும் அதே ஒடுங்கிய வாயினூடாகப் பாயும்போது என்ன நேரும்? சன்னம் புகும் இடத்தில் உருக்கு வெடித்துத் தேய்கின்றது, குறி தவறுகின்றது, புதுக்குழல் வாங்கவேண்டி வருகின்றது. 1964 இல் வின்செஸ்டர் கம்பனியாரே சுவிப்றைக் கைவிட்டு, .225 என்ற வேறொரு தோட்டாவைக் கொணர்ந்தனர். அவர்கள் விட்டாலும் மயக்கம் விடவில்லை. வேறு வேறு பெயர்களில் அதே வேகம் விலைப்படுகின்றது.

இந்த வலையிலிருந்து கமக்காரன் தப்புவதற்கு வழி ஒன்றுண்டு. அதுவே தன் தோட்டாவைத் தானே நிறைத்தல். வெடித்த பித்தளைக் கோதை அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்புப் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, சன்னத்தை நேராகப் பதித்துவிட்டால் தோட்டா மீண்டும் உயிர்பெறும். அளவான மருந்தென்றால் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் ஒரே கோது பலமுறை உழைக்கும். செலவு அவன் கையில். வேகமும் அவன் கையில். அவனுக்குரிய அளவைக் கம்பனி தீர்மானிப்பதா, அவனே தீர்மானிப்பதா என்பதுதான் இங்குள்ள வழக்கு.

வேகக் கட்சியாரின் வாதங்களுள் ஒன்றைத் தவிர மற்றவை வெறுங்கோது. முந்நூறு யாரில் சன்னம் தாழாது என்கின்றனர். தோட்டத்து வேலியில் நிற்கும் அணிலை முந்நூறு யாரிலிருந்து சுடுவானேன்? எழுந்து சற்று நடக்கக் கால் இல்லையா? வேகமே குறியைத் தரும் என்பாருக்கு, 1950 இல் வந்த .222 றெமிங்டனே விடை. வேகத்தில் சுவிப்றுக்கு எட்டாத தூரத்தில் நின்ற இத்தோட்டா, மேசைமீது துவக்கை வைத்துக் குறிச்சுத்தம் பார்க்கும் போட்டிகளில் பல்லாண்டு கோலோச்சியது.

மதிக்கத்தக்க அந்த ஒரு வாதத்துக்கு வருவோம். விரைந்து செல்லும் மென்சன்னம் நிலத்தில் பட்டவுடன் தூளாகும். மெதுவாகச் செல்வது கல்லில் தெறித்து அயலான் வளவுக்குப் போகும் என்கின்றனர். உண்மை. சிறிய விளிம்புத் தோட்டாவின் ஈயச் சன்னம் தெறிப்பதற்குப் பேர்போனது. ஆயின் இதற்கு மருந்து வேகமன்று, சன்னத்தின் தேர்வு. ஹோர்னற்றின் வேகத்திலேயே சிதறும்படி மெல்லிய செப்புறையோடு சன்னங்கள் செய்யப்படுகின்றன. சுவிப்றுக்கென வார்த்த தடித்த உறைச் சன்னத்தை மெதுவாக ஓடவிட்டுவிட்டு, தெறிக்கிறதே என்று புலம்புவது பேதைமை. எச்சன்னமாயினும், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடுபவனை எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

நம் கட்சியிலும் மூடர் உளர் என்பதை மறைக்கமாட்டோம். மிதம் என்றால் மருந்தைக் கண்ணளவாகக் குறைப்பது என்று எண்ணுவோர் அவர்கள். மெல்ல எரியும் மருந்தைப் பெரிய கோதிற் பாதியளவு இட்டால் அது ஒழுங்காகப் பற்றாது. சன்னம் குழலின் நடுவே சிக்கி நிற்கலாம். அதை அறியாது அடுத்த வெடியைத் தீர்த்தால் குழல் பிளக்கும். விரைந்து எரியும் மருந்திலோ வேறொரு கண்ணி. சிறிதளவே வேண்டுமாதலால், கவனமற்றவன் ஒரே கோதில் இருமுறை கொட்டிவிடுவான். கோது நிரம்பி வழியாதாகையால் தவறு தெரியாது. விளக்கை உயர்த்தி ஒவ்வொரு கோதின் உள்ளேயும் பார்த்த பின்னரே சன்னம் பதிக்கவேண்டும். எம்மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதை அம்மருந்தைச் செய்தவர்களே சொல்லவேண்டும். ஹோட்ஜ்டன் கம்பனியார் எச் 4895 என்னும் தங்கள் மருந்தை அட்டவணையின் உச்ச அளவில் நூற்றுக்கு 60 வரை குறைக்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்துள்ளனர். மற்றொரு மருந்துக்கு இவ்விதி பொருந்துமென்று எண்ணுபவன் தன் கண்ணைப் பணயம் வைக்கிறான்.

இன்னும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்குப் புல்வெளிகளில் பிறெயறி நாய் என்னும் அணிலினத்தை நாள் முழுதும் நெடுந்தூரத்திலிருந்து சுட்டு எண்ணிக்கை சேர்ப்போர், தாமும் வயல் காப்பதாகச் சொல்லிக்கொள்கின்றனர். எவன் வயல்? அவ்வணிலையே பெரிதும் நம்பி வாழும் கருங்கால் பெறற் அழிந்தேபோயிற்று என்று ஏங்கியிருந்தபோது, 1981 இல் வயோமிங் மாநிலத்து மிற்றீற்சி என்னும் ஊரருகே எஞ்சிய சில கண்டுபிடிக்கப்பட்டன. கமக்காரனின் பெயரைக் கேடயமாக்கிக் கேளிக்கை நடத்துவோரே வேகத் தோட்டாவுக்கு வாய்த்த நல்ல வாடிக்கையாளர் என்பதை மறக்கலாகாது.

தோட்டாப் பெட்டியின்மீது செக்கனுக்கு இத்தனை அடி என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் கம்பனியாரை நாம் ஒன்று கேட்கிறோம். அந்த வேகத்தில் எத்தனை வெடிக்குப் பின் குழல் தேயும் என்பதையும் அதே பெட்டியில், அதே எழுத்தில் அச்சிட அவர்கள் துணிவார்களா?