தட்டு சுழலுது, கூலி யாருக்கு?

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கச்சேரி நிற்கவில்லை, வானொலி வாசிப்பும் நிற்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்கு மட்டும் யாரும் வாசிக்கக் கூடாது. சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோவின் கணக்கு எளிமையானது. பாருக்குப் பார் காசு போட்டால் பாடும் பெட்டி வந்துவிட்டது, வானொலியும் தட்டையே சுழற்றுகிறது. வாசித்தவனுக்கு அன்றைய கூலியோடு சரி. அவன் வாசித்துக் கொடுத்த தட்டே மறுநாள் அவன் வேலையைப் பறிக்கிறது. ஆகவே விற்கிற ஒவ்வொரு தட்டிலும் சங்க நிதிக்குப் பங்கு வேண்டும். டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை முறுக்கிக்கொண்டு நின்றன.

ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்தால் பெருமூச்சு விடுவார்கள். பீபாப் என்ற புது ஜாஸ் நடை உருண்டு திரண்டது அந்த வருடங்களில்தான். 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட்டும் சார்லி பார்க்கரின் சாக்ஸபோனும் ஒரே மேடையில் இருந்தன. அந்தக் குழுவுக்கு ஒரு தட்டுகூட இல்லை. பெருமூச்சு நியாயம்தான். ஆனால் குற்றவாளியாகச் சங்கத்தை நிறுத்துவதை, ஓசூர் சிப்காட் வாசலில் இருக்கிற நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு முன்பும் தட்டுகள் அந்த வளர்ச்சியைப் பிடிக்கவில்லை. கில்லெஸ்பி முதலில் தட்டில் ஏறியது 1937இல், டெடி ஹில் குழுவோடு. அதில் கேட்பது பெரும்பாலும் ட்ரம்பெட்காரர் ராய் எல்ட்ரிட்ஜின் சாயல். பிறகு 1941 வரை கேப் காலோவேயின் குழு. ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும் தட்டில் தலைவர் பாடியது போகத் தனி வாசிப்புக்கு மிஞ்சுவது சில விநாடிகள். உண்மையான வாசிப்பு வேலை முடிந்த பிறகுதான், ஹார்லெம் 118ஆம் தெருவின் மின்டன்ஸ் பிளேஹவுஸில். கூலியில்லாமல் கூடி வாசித்தால் சங்கம் அபராதம் போடும். மின்டன்ஸ் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. அதைத் தொடங்கிய ஹென்றி மின்டன் நியூயார்க் சங்கத்தின் முதல் கறுப்பினப் பிரதிநிதியாக இருந்தவர். பீபாபின் தொட்டிலுக்குக் காவல் நின்றதும் ஒரு சங்கக்காரர்தான்.

1941இல் அங்கே ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் தட்டு வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஊசி கீறக் கீற, லேத்தில் எழும் சுருள் போலத் துருவல் எழும். அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தட்டுகளில் கில்லெஸ்பி கிடைக்கிறார். எல்ட்ரிட்ஜ் இன்னும் முழுசாக விலகவில்லை, தன் நடை வந்துகொண்டிருக்கிறது. 1945இல் கில்ட் கம்பெனிக்குப் பார்க்கரோடு வாசித்த ‘ஷா நஃப்’, ‘ஹாட் ஹவுஸ்’ தட்டுகளில் அது முழுசாக வந்து நிற்கிறது. வளர்ந்ததைக் கேட்காதவர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது.

நியூமனை நாமும் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அங்கே வாசித்தவர்கள் பேர் வாங்கியபின் அவர் அந்தத் தட்டுகளை விற்றதையும், அவர்கள் எவருக்கும் காலணா தராததையும் கில்லெஸ்பி சுயசரிதையில் கசப்போடு சொல்லியிருக்கிறார். பெட்ரில்லோ கேட்டதும் கூலி யாருக்கு என்ற இதே கேள்விதான்.

நம் பக்கமும் இதே கதை. அந்தக் காலத்தில் கடையில் விற்ற தட்டுகளுக்கான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து போனது. அதைச் சேகரித்தவர்களைப் பற்றி எந்த ஜாஸ் புத்தகமும் பேசாது. பம்பாயில் கோவாக்காரர் சிக் சாக்லெட் ஆர்ம்ஸ்ட்ராங் பாணியில் ட்ரம்பெட் ஊதிப் புகழ்பெற்றார். தமிழ்ப் படங்களில் இசையமைக்கத் தொடங்கிய சி. ராம்சந்திரா, இந்திப் படம் ‘அல்பேலா’வில் (1951) சிக் சாக்லெட்டின் குழுவைப் பயன்படுத்தினார். சினிமாத் தட்டின் லேபிளில் பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். ஊதியவர் பெயருக்கு அங்கே இடமில்லை.

பாகலூர் சாலையில் கல்யாண ஊர்வலம் போகிறபோது பேண்டு செட்டைப் பாருங்கள். ட்ரம்பெட் ஊதுகிற பையன் பகலில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கக்கூடும். தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, கன்னடப் பாட்டு மூன்றையும் ஒரே மூச்சில் ஊதுவான். சுற்றிப் பத்துப் போன்கள். வீடியோ யார் யார் கணக்கிலோ ஏறும், விளம்பரக் காசு வந்தால் அதுவும் அங்கேதான் போகும். அவனுக்கு அன்றைய கூலி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கும் இதே நிலைதான். பதிவு செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நியூமன் இல்லாவிட்டால் 1941ஆம் வருட மின்டன்ஸ் நமக்கு வெறும் செவிவழிச் செய்தி. வாசித்தவர் பெயரைப் போடுங்கள், வருகிற காசில் பங்கு கொடுங்கள் என்கிறோம்.

அடுத்த இதழில் ஓசூர், கிருஷ்ணகிரி பேண்டு செட்டுக்காரர்களின் நேர்காணல்கள் வருகின்றன. பேசியவர்களுக்குப் பேசிய நேரத்துக்குக் கூலி கொடுக்க இருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.