"பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்"

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் தாமானில் ஒரு பையன் இருக்கிறான். வயது 21. இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் காலை ஆறேகாலுக்குக் குளித்து, தலைவாரி, தண்ணீர்ப் போத்தலோடு கேட்டருகே வந்து நிற்கிறான். பள்ளி வேன் வருவதில்லை. பாட்டிதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறார். "பாவம், இவன் எங்க வேலைக்குப் போகப் போறான், வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறது அக்கம்பக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட வேலைக்கு விட்டுப் பார்க்காமல் சொன்ன சொல் அது.

அவன் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஐந்து நிமிடம் போனால் தொழிற்சாலைகள். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே பெட்டி அடுக்குகிறார்கள், லேபிள் ஒட்டுகிறார்கள். முதல் நாள் அவர்களுக்கு மொழியும் தெரியாது, இயந்திரமும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று செய்து காட்டுகிறார், பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். "முதலில் தயாராகிட்டு வா" என்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த நிபந்தனை?

கற்றலில் மெதுவான பிள்ளைகளில் பலருக்கு, வகுப்பறையில் கற்றதை வேறிடத்தில் செய்வதுதான் சிரமம். ஆகவே அந்த மேசையிலேயே, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். ஜப்பானின் உதவியோடு மலேசியாவுக்கு வந்த 'ஜாப் கோச்' முறை இதைத்தான் செய்கிறது. பயிற்றுநர் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் காட்டுவார், கூடவே நிற்பார், எப்படிச் சொன்னால் இவனுக்குப் புரியும் என்று சூப்பர்வைசருக்கும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைக்குக் கை பழகப் பழக மெல்ல விலகிக்கொள்வார்.

பார்த்துப் பழகினால் அக்கம்பக்கத்தின் பேச்சும் மாறும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அங்கே வெள்ளைக்கோலோடு நடந்துபோய் மசாஜ் கடை திறப்பவர்களைப் பார்த்து யாரும் வீட்டிலேயே இருக்கச் சொல்வதில்லை. கண் பழகிவிட்டது.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வேலைவாய்ப்பு பெறும் உரிமையைச் சொல்கிறது. மீறும் முதலாளிக்கு அதில் தண்டனை இல்லை. அரசாங்க வேலைகளில் 1 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது கொள்கை. சட்டத்தின் பலவீனத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையை வாசலைத் தாண்ட விடாத வீட்டுக்கு எந்தச் சட்டமும் உதவாது.

"கிண்டல் பண்ணுவாங்க, யார் கூட்டிட்டுப் போறது?" என்று அவனுடைய அம்மா கேட்டார். நியாயமான பயம். பள்ளி இருக்கும்போதே, கடைசி வருடத்தில் வாரம் ஒரு நாள் ஆசிரியரோடு அவனைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருந்தால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைத்திருக்கும். பாட்டிக்கு இப்போது 74 வயது. அவருக்குப் பிறகு கையைப் பிடிக்கப் போவது யார் என்று நான் கேட்டபோது அம்மா பேசவில்லை.

இன்றும் ஆறேகாலுக்கு வந்து நின்றான். ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் எங்கள் தாமான் முனையைக் கடந்து போனது.