வெட்கத்தின் பெயரால் வளர்க்கப்படும் அறியாமை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நம் வீடுகளில் பேசப்படாத விஷயம் அநேகமாக எதுவும் இல்லை. மகளுக்கு எத்தனை பவுன் போடுவது என்று பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டாரின் சீர்வரிசையைப் பற்றி இரவெல்லாம் பேசுகிறோம். ஆனால் அதே மகளுக்கு மாதந்தோறும் உதிரம் எத்தனை நாள் நீடிக்கிறது, எப்போது குளித்துத் தொழுகையைத் தொடங்க வேண்டும், நாள் தள்ளிப்போனால் என்ன காரணமாக இருக்கலாம் என்று பேசுவதற்கு மட்டும் நமக்கு நா எழுவதில்லை. யாரேனும் பேச முன்வந்தால், வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்னும் நபிமொழியை முன்னிறுத்தி வாயை அடைத்துவிடுகிறோம்.

இந்த மௌனத்திற்கு நம் பெண்கள் கொடுக்கும் விலை சிறியதன்று. இருபது நாள் உதிரம் நிற்கவில்லை என்று இருபது நாள் தொழுகையையும் விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். கடும் வயிற்றுவலியை 'எப்போதும் உள்ளதுதான்' என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். முதலாவது மறுமைக்குக் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு.

நபியவர்களின் அவையில் இல்லாத வெட்கம்

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து, தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது, அது ஒரு நரம்பிலிருந்து வரும் இரத்தம், மாதவிடாய் அன்று என்று நபியவர்கள் விளக்கினார்கள். வழக்கமான மாதவிடாய் நாட்களில் மட்டும் தொழுகையை விட்டு, பின்னர் குளித்துத் தொழுமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது.

மாதவிடாய்க்குப் பின் எவ்வாறு தூய்மை செய்வது என்று ஓர் அன்ஸாரிப் பெண்மணி கேட்டபோது, கஸ்தூரி தோய்த்த பஞ்சைப் பயன்படுத்துமாறு நபியவர்கள் கூறினார்கள். அவருக்கு அது விளங்கவில்லை. நபியவர்கள் அதற்குமேல் விவரிக்க நாணினார்கள். உடனே ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்ணைத் தம் பக்கம் இழுத்து விளக்கிச் சொன்னார்கள். வெட்கமும் அங்கே இருந்தது, கல்வியும் தடைபடவில்லை. மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தும் இருக்கிறார்கள். நாம் எந்த வெட்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், மாதவிடாய்ச் சட்டங்களை மனைவிக்குக் கற்பிப்பது கணவனின் கடமை என்கிறார்கள். அவன் கற்பிக்காவிட்டால் அவள் வெளியே சென்று ஆலிம்களிடம் கேட்கலாம். அதைத் தடுத்தால் அவனே பாவியாவான் என்றும் எழுதுகிறார்கள். மேடையில் இஹ்யாவை எடுத்தோதும் நாம் இந்தப் பகுதியை மட்டும் கடந்து சென்றுவிடுகிறோம்.

ஹைளும் இஸ்திஹாளாவும்

உதிரம் கண்ட நாளெல்லாம் ஹைளு ஆகிவிடாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். அதிக அளவு 15 நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், அதிகம் 10 நாள். இரு ஹைளுகளுக்கு இடையே குறைந்தது 15 நாள் தூய்மை இருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. இந்த எல்லைக்கு வெளியே வருவது இஸ்திஹாளா, அதாவது நோயினால் வரும் உதிரப்போக்கு.

இஸ்திஹாளாவுடைய பெண் தொழ வேண்டும். நோன்பு நோற்க வேண்டும். தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளூச் செய்து தொழ வேண்டும். நபியவர்களின் துணைவியருள் ஒருவர் இந்நிலையில் அவர்களுடன் இஃதிகாஃபே இருந்திருக்கிறார். அப்படியிருக்க, அவளைத் 'தீட்டு' என்று ஒதுக்கி, தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்குள் எங்கிருந்து வந்தது? ஹைளு நாட்களில்கூட ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நபியவர்கள் வாய் வைத்துப் பருகினார்கள்.

எல்லையைக் கடந்து உதிரம் தொடரும்போது, அதில் எத்தனை நாள் ஹைளு என்பதை அறிய, பழைய வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். தேதியைக் குறித்து வைக்காத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மகளுக்கு முதல் மாதவிடாய் வந்த அன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் எழுதச் சொல்வது தாயின் கடமை. மார்க்கத் தீர்ப்புக்கும் மருத்துவருக்கும் முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

நாள் தள்ளிப்போனால்

திருமணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் வீடு உடனே இனிப்பு வாங்க ஓடுகிறது. திருமணமாகாத பெண்ணுக்குத் தள்ளிப்போனால் அதே வீடு அவளைக் குற்றவாளிபோல் பார்க்கிறது. இரண்டுமே அவசரம். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவது இயல்பு. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இது முன்பின்னாக இருப்பதும் வழக்கமே. தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, உடல் எடை திடீரெனக் கூடுதல் அல்லது குறைதல், மனக்கவலை, தாய்ப்பால் கொடுத்தல் ஆகிய எதனாலும் நாள் தள்ளும். ஆதாரமின்றி மகளைச் சந்தேகிப்பவர்கள், சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் இட்ட கட்டளையை மறந்துவிடுகிறார்கள்.

மணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது எளிது. இல்லை என்று வந்து, மாதவிடாயும் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சிறிது உதிரம் பட்டதாலேயே கர்ப்பம் இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உதிரம் படுகிறது. கர்ப்பிணி காணும் உதிரம் ஹனஃபி மத்ஹபில் இஸ்திஹாளா. ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனைகள் பொருந்தினால் ஹைளு. ஆகவே தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தொழுகையை முடிவு செய்ய வேண்டும்.

நாள் தள்ளிய பெண்ணுக்கு உதிரத்துடன் அடிவயிற்றில் கடும் வலியோ, மயக்கமோ, தோள்பட்டை முனையில் வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கக்கூடும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி அமைகின்றன. குழாய் வெடித்தால் உயிரே போகும். அந்நேரத்தில் தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடும் தாயத்துக் கட்டுவதோடும் நின்றுவிடுவது தவக்குல் ஆகாது. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய நபியின் உம்மத் நாம்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் கண்டால், அது ஒரு துளியேயானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். ரமளானுக்கும் ஹஜ்ஜுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தாமே வாங்கி விழுங்குவதும் ஆபத்து. அதனால் இடையிடையே உதிரம் பட்டு, ஹைளா இல்லையா என்று தெரியாமல், எந்த வணக்கத்திற்காக விழுங்கினார்களோ அதிலேயே குழப்பம் நேர்கிறது.

இத்தாவிலும் இதே அறியாமை

தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இத்தா 'மூன்று மாதம்' என்று நாட்காட்டியில் எண்ணி முடித்துவிடுகிறார்கள். மூன்று மாதக் கணக்கு மாதவிடாய் நின்றுவிட்டவர்களுக்கும் இன்னும் வராதவர்களுக்கும் உரியது. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு மூன்று 'குரூ'. ஹனஃபிகள் அதை மூன்று ஹைளு என்றும் ஷாஃபிஈகள் மூன்று தூய்மைக் காலம் என்றும் கொள்வர். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. கர்ப்பப்பையில் அல்லாஹ் படைத்திருப்பதை மறைப்பது ஆகுமானதன்று என்று ஸூரத்துல் பகரா எச்சரிக்கிறது. தன் உடலின் கணக்கே தெரியாத பெண் எதை மறைப்பாள், எதைச் சொல்வாள்? பிறக்கப்போகும் குழந்தையின் நஸப், அதன் வாரிசுரிமை, மறுமணத்தின் செல்லுபடி அத்தனையும் இந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஹைளு பாடம் மிகக் கடினமானது, பெரியவர்கள் பலரும் அதில் தவறியிருக்கிறார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களே எழுதியிருக்கிறார்கள். அத்தகைய பாடத்தை நம் மக்தபுகளில் இரண்டு வரியில் முடித்து, 'மற்றதை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்' என்கிறோம். வீட்டிலோ தாய்க்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஓர் ஆலிமாவையும் ஒரு பெண் மருத்துவரையும் அழைத்து, பெண்களுக்கு மட்டுமான வகுப்பை ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நடத்தட்டும். ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவில் கால்பங்குகூட இதற்கு ஆகாது. கணவன்மார்கள் மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைக் கௌரவக் குறைவாக எண்ணாதிருக்கட்டும். தாய்மார்கள் இன்றே மகளை அருகில் அமர்த்திப் பேசட்டும்.

அறிவுக்குத் தடையாகாத வெட்கத்தையும், வெட்கத்தைக் கெடுக்காத அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.